ஆறு பேர் துள்ளினார்கள்

"பூட்ஸைக் கழட்டுங்க," என்றாள் கதவைத் திறந்த பெண்.

யோரிஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். "அம்மா தாயே, நாங்க துப்பறிய வந்திருக்கோம். நாலு மணிக்கு ஷெரீப்போட ஆளு வந்து இந்த வீட்டு வேலைக்காரியை இழுத்துட்டுப் போகப்போறான். இப்பவே ரெண்டரை ஆச்சு. பூட்ஸுக்கெல்லாம் நேரமில்லை."

"அந்த வேலைக்காரி நான்தான். தரை இப்பத்தான் கழுவினேன். கழட்டுங்க."

யோரிஸுக்குப் பேச்சு அடைத்துவிட்டது. அது வருஷத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். பதினோரு வருஷம் ஹாலந்தில் லைடனுக்கும் ஹார்லெமுக்கும் நடுவே, கால்வாய்க் கரையில் குதிரை நடந்து இழுக்கும் படகில் கொம்பு ஊதிக்கொண்டு, பயணிகளின் காது புளிக்கப் புளிக்கப் பேசித் தேறிய வாய் அது. அண்ணன் போன பிறகு அண்ணி ஹெண்ட்ரிகா ஊராரின் காணாமல் போன பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலையில் இறங்கினாள். அன்றிலிருந்து அந்த வாய்க்கு அங்கேதான் உத்தியோகம்.

ஹெண்ட்ரிகா அதற்குள் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் அடுக்கியிருந்த கம்பளிச் செருப்பில் காலை நுழைத்திருந்தாள். கையில் எப்போதும்போல் பாதி பின்னிய காலுறையும் இரண்டு ஊசிகளும்.

"நியாயமாத்தானே கேக்கறா. கழட்டு தம்பி."

"கழட்டலாம் அண்ணி. ஊருக்கெல்லாம் காலுறை பின்னுறீங்க, வீட்டுப் பிள்ளை கட்டைவிரல் வெளிய எட்டிப் பாக்குது. அதுக்குத்தான் யோசிச்சேன்."

ஃபெம்கே என்ற அந்த வேலைக்காரி கட்டைவிரலைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம்தான். ஆனாலும் உதட்டோரம் லேசாக ஒரு நெளிவு வந்து போயிற்று. யோரிஸ் அதைப் பார்த்தான். பார்த்த அந்த நிமிஷமே, இவள் சிறைக்குப் போகக்கூடாது என்று அவனுக்குள் ஒரு தீர்மானம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சிறை என்றால் சாதாரணச் சிறையில்லை. பெண்களை அடைத்து நூல் நூற்க வைக்கும் வீடு. அங்கே போய் வந்தவளை லைடனில் எந்த வீட்டிலும் வாசற்படி தாண்ட விடமாட்டார்கள்.

ஃபெம்கே இருவரையும் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். உட்காரவில்லை. துணியை வாளியில் நனைத்துக்கொண்டு, ஏற்கெனவே பளபளத்த மேஜையைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"ஆறு வருஷமா இந்த வீட்ல இருக்கேன். ஒரு சர்க்கரைக் கட்டி எடுத்ததில்லை. அலெய்டா அம்மாவுக்கு அது தெரியும். அதான் ஐயாவுக்குத் தெரியாம உங்களுக்கு ஆள் அனுப்பினாங்க."

"புதன்கிழமை என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லு," என்றாள் ஹெண்ட்ரிகா. ஊசிகள் டிக் டிக்கென்று ஓட ஆரம்பித்தன.

"ஒக்கிங்கான்னு ஒருத்தர் மின்சாரம் காட்ட வந்தார். கண்ணாடி உருண்டை, அதைச் சுத்த ஒரு சக்கரம், நீலப் பட்டுக்கயிறு கட்டி மேலேருந்து தொங்க விட்ட இரும்புக் குழாய், தண்ணி ஊத்தின ஒரு ஜாடி. முதல் ஆள் ஜாடியைப் பிடிச்சுக்கணும். கடைசி ஆள் குழாயைத் தொடணும். நடுவுல இருக்கறவங்க வரிசையா கை கோத்துக்கணும். தொட்ட உடனே எல்லாரையும் ஒரே நேரத்துல தூக்கிப்போடும்."

"இதுக்குக் காசு வேற குடுக்கறாங்க," என்றான் யோரிஸ். "எங்க படகுல ஏறியிருந்தா சும்மாவே தூக்கிப்போட்டிருக்கும்."

லைடனில் அந்த வருஷம் மின்சாரப் பித்துத் தலைக்கேறிக் கிடந்தது. அடி வாங்காதவன் மனுஷனே இல்லை என்கிற நிலைமை. காபிக் கடைகளில் ஒருத்தன் முழங்கையை நீவிக்கொண்டே உள்ளே வந்தால் போதும், எழுந்து இடம் கொடுத்தார்கள்.

"நகை போட்டிருந்தா பொறி பறக்கும்னு ஒக்கிங்கா சொன்னார்," என்று தொடர்ந்தாள் ஃபெம்கே. "எல்லாரும் மோதிரம், கடிகாரம்னு கழட்டி நீலக் கிண்ணத்துல போட்டாங்க. அம்மா, சட்டையில குத்திக்கற முத்து ப்ரோச்சைப் போட்டாங்க. இருட்டுல பாத்தாத்தான் அழகுன்னு ஜன்னல் பலகையை என்னைச் சாத்தச் சொன்னாங்க. சக்கரம் சுத்துச்சு. படபடன்னு சத்தம். அப்புறம் ஒரே கூச்சல். ஆறு பேரும் துள்ளினாங்க. பலகையைத் திறந்தேன். கிண்ணத்துல எல்லாம் இருந்துச்சு. ப்ரோச் மட்டும் இல்லை."

"ஒக்கிங்கா?"

"ஒரு கை சக்கரத்துல, ஒரு கை உருண்டையில. கையை எடுத்தா சத்தம் நின்னிருக்கும். நிக்கலை. கை கோத்தவங்க நடுவுல ஒரு கை விட்டிருந்தாலும் யாருக்குமே அடி விழுந்திருக்காதாம். எல்லாருக்கும் விழுந்துச்சு. சும்மா இருந்த கை என் கை மட்டும்தான்."

மேஜையின் ஒரே இடத்தை அவள் நாலாவது தடவையாகத் துடைத்தாள்.

"தேடினாங்களா?"

"ஷெரீப்போட ஆளுங்க எல்லாரையும் தடவிப் பாத்தாங்க. வீட்டைத் தலைகீழாப் புரட்டினாங்க. கூடத்தை அவங்களே சல்லடை போட்டுத் தேடிட்டுப் பூட்டிட்டாங்க. மத்த இடமெல்லாம் நானும் மூணு நாளா சந்து பொந்து விடாம தேய்க்கறேன். இந்த வீட்ல என் பிரஷ் போகாத இடம் கிடையாது. எங்கயும் இல்லை."

யோரிஸுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. அடுப்புக்கு மேலே முழ நீளத்தில் நாலு இரும்புக் கொக்கிகள் தொங்கின. சட்டி மாட்டும் கொக்கிகள், இரண்டு முனையும் வளைந்தவை. ஒன்றை எடுத்துச் சுழற்றினான்.

"அதை எடுத்த இடத்துல வைங்க. அதுங்க நாலும் புதன்கிழமை கூடத்துல இருந்துச்சு."

"மின்சாரத்துல சூப் வெச்சாங்களா?"

"பெட்ரோனெல்லா அம்மா, ஐயாவோட அக்கா, கல்யாணமாகாம இந்த வீட்லயே இருக்கறவங்க. அறுபது வருஷமா ஒரு ஆம்பளை என் கையைத் தொட்டதில்லை, இனிமேலும் தொடக்கூடாதுன்னுட்டாங்க. விருந்துக்கு வந்திருந்த போதகரும், ரொம்ப சரி, புருஷன் பொண்டாட்டி தவிர ஆணும் பெண்ணும் கை கோக்கறது சபைக்கு அடுக்காதுன்னார். இரும்பு வழியாவும் மின்சாரம் ஓடும்னு ஒக்கிங்கா சொன்னார். அதான் நடுவுல நடுவுல கொக்கி. ஒரு முனையை இவங்க, ஒரு முனையை அவங்க."

ஊசிகளின் சத்தம் நின்றது.

யோரிஸ் உடனே வாயை மூடிக்கொண்டான். அண்ணியின் ஊசி நின்றால் பேசக்கூடாது என்பது அவர்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

"ரெண்டு கொக்கி எடு," என்றாள் ஹெண்ட்ரிகா. "ஒண்ணை நீ பிடி. ஒண்ணை ஃபெம்கே பிடிக்கட்டும். நான் நடுவுல. இப்ப ரெண்டு பேரும் கண்ணை மூடுங்க."

மூடினார்கள். யோரிஸின் கையில் கொக்கி இழுத்தபடியே இருந்தது. அடுப்பில் பட்டாணி சூப் கொதிக்கும் சத்தம் கேட்டது. ஃபெம்கே மூச்சு விடும் சத்தமும் கேட்டது.

"கண்ணைத் திறங்க."

அண்ணியின் குரல் அறையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. அவள் ஜன்னல் பக்கம் நின்று சூப்பை ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். யோரிஸின் கொக்கி ஃபெம்கேயின் கொக்கியில் மாட்டியிருந்தது. நடுவில் ஆளே இல்லை.

"நான் போனது உங்க கைக்குத் தெரிஞ்சுதா?"

"இல்லை அண்ணி. இழுப்பு அப்படியே இருந்துச்சு. நீங்கதான் பிடிச்சிருக்கீங்கன்னு இருந்தேன்."

"சங்கிலி அறுந்துச்சா?"

"அறுக்க மனசு வரலை," என்றான் யோரிஸ், கொக்கியை விடாமல்.

"நீ விடலாம் தம்பி. பாடம் முடிஞ்சுது." ஹெண்ட்ரிகா கரண்டியை வைத்தாள். "நடுவுல இருந்த ஆளு ரெண்டு கொக்கியையும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிட்டு நழுவியாச்சு. மின்சாரம் பாட்டுக்கு இரும்பு வழியா ஓடிடும். மத்தவங்க துள்ளுவாங்க. துள்ளும்போது எல்லார் கொக்கியும் கீழ விழும். அப்பறம் யாரு கேக்கப்போறா? எல்லாரும் கம்பளிச் செருப்பு, நடந்தாலும் சத்தம் கிடையாது. ஃபெம்கே, வரிசை சொல்லு."

ஃபெம்கேயின் கை இப்போதுதான் துடைப்பதை நிறுத்தியது. "ஐயா டெஸலார் ஜாடியைப் பிடிச்சார். அவர் கையை அலெய்டா அம்மா. அப்புறம் போதகர் ஹஸேலியஸ், பெட்ரோனெல்லா அம்மா, வைத்தியர் ஸ்பான், கடைசியா பக்கத்து வீட்டு கோல் அம்மா. அவங்கதான் குழாயைத் தொட்டது."

"ரெண்டு பக்கமும் கொக்கி இருந்தது யாருக்கு?"

யோரிஸ் விரல் விட்டு எண்ணினான். "போதகர். அக்கா. வைத்தியர்."

"இந்த மூணு பேர்ல ஒருத்தர் அடி வாங்கவே இல்லை," என்றாள் ஹெண்ட்ரிகா. "வாங்கினதாப் பொய் சொல்றாங்க. அது யாருன்னு கண்டுபிடிக்கணும். மணி என்ன?"

"மூணு அடிக்கப்போகுது," என்றாள் ஃபெம்கே.

ஷெரீப்பின் ஆள் வரும்போது வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதற்காக எல்லோரும் ஏற்கெனவே வந்து பின்கட்டு அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பளி வியாபாரி டெஸலாருக்குத் துப்பறிய வந்தவர்களைக் கண்டதும் முகம் சுருங்கியது. மனைவி அலெய்டா அவரை ஒரு பார்வை பார்த்தாள். சுருங்கிய முகம் சுருங்கியபடியே வாயை மூடிக்கொண்டது.

ஹெண்ட்ரிகா உட்கார்ந்தாள். காலுறை பின்னினாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அடி எங்க விழுந்துச்சு?"

"முழங்கையில," என்றார் வைத்தியர் ஸ்பான். "ரெண்டு முழங்கையிலயும். அப்புறம் நெஞ்சுல ஒரு குத்து."

"முழங்கை," என்றார் போதகர் ஹஸேலியஸ். சொல்லும்போதே கோப்பை சாசரில் கடகடவென்று ஆடியது. "அதுக்கப்புறம் நெஞ்சு. ஆண்டவரே, அந்த நெஞ்சு."

"முழங்கையும் நெஞ்சும்தான்," என்றாள் பெட்ரோனெல்லா. ஒல்லியான உடம்பு, இறுக்கிக் கட்டிய வெள்ளைத் தொப்பி. கால் இரண்டையும் கணப்புப் பெட்டிமேல் வைத்திருந்தாள். குளிர்காலத்தில் லைடன் பெண்கள் எங்கே உட்கார்ந்தாலும் காலடியில் இருக்கும், மேலே துளை போட்ட மரப்பெட்டி. உள்ளே தணல் போட்டுக் கொடுப்பார்கள். "அடி விழுந்ததைச் சொல்றேன் கேளுங்க. நான் தரையிலேருந்து அரையடி எழும்பினேன். எழும்பும்போதே பாத்தேன், அந்தச் சிறுக்கி கிண்ணத்துப் பக்கம் நின்னா."

"இருட்டுல பாத்தீங்களா?" என்றான் யோரிஸ்.

"கண்ணு தெரியாமலா அறுபது வருஷம் வாழ்ந்தேன்? அந்த ப்ரோச் எங்க அம்மாவோடது தெரியுமா? அம்மா கண்ணை மூடின மறு வாரமே என் தம்பி அதை எடுத்துப் பொண்டாட்டிக்குக் குத்திவிட்டான். நான் ஒரு வார்த்தை கேக்கலை. அதையா ஒரு வேலைக்காரி தூக்கிட்டுப் போறது." பேசும்போது அவள் பற்கள் கிடுகிடுத்தன.

வெளியே வந்ததும் யோரிஸ் தலையைச் சொறிந்தான். "மூணு பேரும் ஒரே பாட்டுப் பாடறாங்க அண்ணி. முழங்கை, நெஞ்சு. நெஞ்சு, முழங்கை. ஊரே மூணு நாளா இதைத்தான் பேசிட்டிருக்கு. என்னைக் கேட்டா நானும் சொல்லுவேன், முழங்கைன்னு. நான் ஜாடியைக் கண்ணால கூடப் பாத்ததில்லை."

"ஆமா. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட வலியும் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட வலியும் வாயில ஒரே மாதிரிதான் வருது."

"போதகர்தான் அண்ணி. பாத்தீங்கல்ல, எப்படி நடுங்கறார்னு."

"அவர் ஞாயித்துக்கிழமை ஜெபம் பண்ணும்போதே அப்படித்தான் நடுங்குவார். வேற யாரும் நடுங்கறதைப் பாக்கலையா?"

"பெரியம்மா பல்லு ஆடுச்சு. கால் தணல்ல, பல்லு மட்டும் பனியில."

ஹெண்ட்ரிகா ஊசிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கூடத்துக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஷெரீப் மூன்று நாளாகப் பூட்டி வைத்திருந்து அன்று காலையில்தான் சாவி கொடுத்திருந்தார். சக்கரம், உருண்டை, குழாய், ஜாடி எல்லாம் அப்படியே நின்றன. கண்காட்சிக்காரர் ஒக்கிங்கா, கப்பல் கவிழ்ந்தவர் மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நீங்க போய்ச் சூடா ஒரு காபி குடிங்க," என்று அவரை எழுப்பி அனுப்பினாள். பிறகு, அங்கே வந்து நின்ற ஃபெம்கேயைத் திரும்பிப் பார்த்துச் சாவகாசமாகச் சொன்னாள். "மூணு நாளா பூட்டியே கிடந்திருக்கு போல. அந்தக் கண்ணாடியெல்லாம் எவ்வளவு தூசி பாரு. விருந்தாளிங்க மறுபடி வந்து நிக்கப்போற இடம்."

ஃபெம்கேயின் காது விறைத்ததை யோரிஸ் பார்த்தான். அடுத்த நிமிஷம் அவள் வாளியோடு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணிக்கு ஹெண்ட்ரிகா எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தாள். பெட்ரோனெல்லா கணப்புப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் வைத்தாள். யோரிஸ் உதவப் போனான். "கையை எடு," என்றாள்.

"புதன்கிழமை நின்ன மாதிரியே நிக்கணும்," என்றாள் ஹெண்ட்ரிகா. "ஒக்கிங்காவுக்குப் பதிலா யோரிஸ் சக்கரம் சுத்துவான். அவர் பக்கத்துல நின்னு வழி சொல்லட்டும். அன்னிக்கு இந்தச் சங்கிலியிலேருந்து ஒருத்தர் நழுவியிருக்காங்க. எப்படின்னு எனக்குத் தெரியும். யாருன்னு இந்த ஜாடி சொல்லும்."

டெஸலார் பொறுமை இழந்தார். "ஜாடி எப்படிம்மா சொல்லும்?"

"உண்மையில அடி வாங்கினவங்களுக்கு இது பழகின அடி. வாங்கினதும் துள்ளுவாங்க. துள்ளாம நிக்கறது யாரோ, அவங்கதான் பொய் சொல்றவங்க. இருட்டா இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது."

சங்கிலி கோக்கப்பட்டது. ஜாடி, டெஸலார், அலெய்டா, கொக்கி, போதகர், கொக்கி, பெட்ரோனெல்லா, கொக்கி, வைத்தியர், கொக்கி, கோல் அம்மாள். ஃபெம்கே ஜன்னல் பக்கம் போனாள்.

ஒக்கிங்கா உருண்டையின்மேல் கையை வைத்தவர், சூடு பட்டதுபோல் எடுத்தார். யோரிஸின் காதில் கிசுகிசுத்தார். "யாரு இதைத் துடைச்சது?"

"ஃபெம்கே. ஏன்?"

"ஈரத்துணியில துடைச்சிருக்கா. உருண்டை, ஜாடி, பட்டுக்கயிறு எல்லாம் சொதசொதன்னு இருக்கு. ஈரம் பட்டா மின்சாரம் நிக்காது. ரெண்டு நாள் அடுப்போரம் காய வெச்சாத்தான் உயிர் வரும். ஒரு வீடு பாக்கியில்லாம இந்த ஊர்ல எனக்கு இதே தொல்லை. கண்ணாடியைக் கண்டா கழுவிடறாங்க."

யோரிஸ் சக்கரத்தை விட்டான். ஜன்னல் பக்கம் பார்த்தான். ஃபெம்கே பலகையில் கை வைத்து, அண்ணியின் உத்தரவுக்காக நின்றிருந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறிச் சிவந்த கை. பாவிப் பெண், தன் கழுத்துக்குத் தானே சோப்புப் போட்டுவிட்டாளே என்று மனசு அடித்துக்கொண்டது.

"அண்ணி," என்று மெதுவாகக் கூப்பிட்டான். "ஒரு நிமிஷம் தள்ளி வாங்களேன்."

"சக்கரத்தைச் சுத்து தம்பி."

"அதுல ஒரு சின்ன விஷயம்..."

"நாலு மணிக்கு ஆளு வந்துடுவான். சுத்து."

"போதகர் ஐயா," என்று ஹெண்ட்ரிகா திரும்பினாள், "பயமில்லாம இருக்க ஒரு சங்கீதம் பாடுங்களேன். நல்லாச் சத்தமா."

பலகை சாத்தப்பட்டது. கும்மிருட்டு. போதகர் பாட ஆரம்பித்தார். ஹாலந்துச் சபையில் சங்கீதம் பாடினால் ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒருவன் போய் ஹெரிங் மீன் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அந்த இழுவைக்குள் சக்கரம் சுழன்ற சத்தம் மட்டும் கேட்டது. படபடவென்று ஒரு பொறிகூட இல்லை. யோரிஸ் தோள்பட்டை கழலச் சுற்றினான். சுற்றிச் சுற்றி என்ன, ஜாடி செத்துக் கிடந்தது. ஆறு பேரும் மரம்போல் நிற்கப்போகிறார்கள், ஷெரீப்பின் ஆள் வரப்போகிறான், விலங்கு மாட்டப்போகிறான்.

"தொடுங்க," என்றாள் ஹெண்ட்ரிகா.

கோல் அம்மாள் குழாயைத் தொட்டாள்.

"ஐயோ முழங்கை, என் முழங்கை!"

கொக்கிகள் கணீரென்று தரையில் விழுந்தன. யாரோ தொம்மென்று குதித்த அதிர்ச்சி யோரிஸின் காலுக்கு வந்தது.

"பலகையைத் திற," என்றாள் ஹெண்ட்ரிகா.

வெளிச்சம் வந்தது. டெஸலார் ஜாடியைக் கட்டிக்கொண்டு நின்றார். அலெய்டா நின்றாள். போதகர் கண்ணை இறுக மூடியபடி, "வந்துடுச்சா? இன்னும் வரலியா?" என்று கேட்டார். வைத்தியர் தன் முழங்கையைச் சந்தேகமாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் விழலையே," என்றாள் கோல் அம்மாள், விரலை இன்னும் குழாயில் வைத்தபடி.

பெட்ரோனெல்லா மட்டும் ஒரு கஜம் பின்னால் நின்று இரண்டு முழங்கையையும் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த கை மெல்ல மெல்ல நின்றது.

"ஒக்கிங்கா ஐயா, இந்த ஜாடி இப்ப அடிக்குமா?" என்றாள் ஹெண்ட்ரிகா.

"ஒரு ஈயைக்கூடக் கூச வைக்காது. முழுக்க ஈரம்."

யோரிஸின் வாய் திறந்தது. அண்ணி அந்தப் பெண்ணிடம் தூசியைக் காட்டியது எதற்கு என்று இப்போதுதான் உறைத்தது. வருஷத்தில் இரண்டாவது முறையாக அவனுக்குப் பேச்சு வரவில்லை.

"அடி வாங்கின அஞ்சு பேருக்கும் அது எப்படி இருக்கும்னு தெரியும்," என்றாள் ஹெண்ட்ரிகா. "வரலைன்னா வரலைன்னு சொல்லுவாங்க. வாங்காத ஒருத்தருக்குத்தான் எப்பத் துள்ளணும்னு தெரியலை. நான் தொடுங்கன்னதும் துள்ளிட்டாங்க."

பெட்ரோனெல்லா நிமிர்ந்தாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரிதான். "பயத்துல துள்ளினேன். வயசானவ. இருட்டு. பயந்தா குத்தமா? அந்த ப்ரோச் என்கிட்ட இருக்குன்னு எவளாவது சொல்லட்டும் பாக்கலாம்."

"அக்கா சொல்றதும் சரிதானே," என்றார் டெஸலார். "துள்ளினதுக்கெல்லாம் ஒருத்தரைத் திருடின்னு சொல்ல முடியுமா?"

நகரமன்ற மணிக்கூண்டில் நாலு மணிக்கு முந்தின சின்ன மணிகளின் பாட்டு தொடங்கிவிட்டது.

"துள்ளினது குத்தமில்லை," என்றாள் ஹெண்ட்ரிகா. "உங்க உடம்பைப் பாத்தாத்தான் கவலையா இருக்கு அம்மணி. கணப்புமேல காலை வெச்சுக்கிட்டே பல்லு கிடுகிடுன்னு ஆடுது. ஃபெம்கே, அம்மாவுக்குக் கடைசியா எப்ப தணல் போட்டே?"

ஃபெம்கே யோசித்தாள். "புதன்கிழமைலேருந்து போடலை. வேணாம், உடம்பு காந்துதுன்னு சொல்லிட்டாங்க. ராத்திரி பெட்டியைப் படுக்கைக்கே எடுத்துட்டுப் போறாங்க."

"உன் பிரஷ் போகாத இடம் இந்த வீட்ல இல்லைன்னியே. அந்தப் பெட்டிக்குள்ள போச்சா?"

"அவங்க காலை எடுத்தாத்தானே."

"சரி. நல்லா கனிஞ்ச தணலா ஒரு கரண்டி கொண்டு வா. பாவம், குளிருது அவங்களுக்கு."

ஃபெம்கே சமையலறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது நீளக் கரண்டியில் தணல் செக்கச் செவேலென்று கனன்றது. பெட்ரோனெல்லா சுவரோரம் போய்ப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு வேணாம்."

"மேல துளை இருக்கே அம்மணி, அது வழியாவே போடலாம். நீங்க கொஞ்சம் நகர்ந்தா போதும். தம்பி, அம்மாவைக் கை பிடிச்சு எழுப்பு."

யோரிஸ் கையை நீட்டிக்கொண்டு போனான். அறுபது வருஷமாக ஆண்பிள்ளை கை படாதவள் சட்டென்று எழுந்து விலகினாள். பழக்கம் பொல்லாதது. ஃபெம்கே குனிந்தாள். கரண்டி பெட்டிக்கு மேலே சாய்ந்தது. ஒரு துண்டுத் தணல் விளிம்பு வரை உருண்டு வந்தது.

"போடாதே," என்று கத்தினாள் பெட்ரோனெல்லா. "முத்து கருகிடும்டீ."

மணிக்கூண்டு நாலு அடித்தது.

பெட்ரோனெல்லாவே தரையில் முட்டி போட்டு, பெட்டியைத் திறந்து, ஆறின சாம்பலுக்குள் கை விட்டாள். வெளியே வந்த ப்ரோச்சைத் தன் பாவாடையில் ஒவ்வொரு முத்தாகத் துடைத்தாள். "அம்மா இதைப் போட்டுக்கிட்டுத்தான் என்னைச் சபைக்குக் கூட்டிப்போவா," என்றாள் யாரையும் பார்க்காமல். அதுவரை அவள்மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த யோரிஸுக்கே சங்கடமாகிவிட்டது.

வாசல் மணி அடித்தது. ஃபெம்கே கரண்டியை யோரிஸிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

"பூட்ஸைக் கழட்டுங்க," என்று அவள் சொல்வது கேட்டது.

ஷெரீப்பின் ஆள் வெறும் காலுறையோடு, கையில் விலங்கோடு கூடத்துக்குள் வந்தான். டெஸலார் தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணுமில்லைப்பா. ப்ரோச் இங்கயேதான் தவறி விழுந்து கிடந்திருக்கு. நீ போகலாம்."

"இல்லைங்க ஐயா," என்றாள் ஃபெம்கே. மூன்று நாளாக அழுத குரல், இப்போது அதில் அழுகை இல்லை. "அப்படிப் போகக்கூடாது. தவறி விழுந்துச்சுன்னா, திருடிட்டு பயந்து போட்டுட்டான்னு ஊர் சொல்லும். ஃபெம்கே எடுக்கலைன்னு சொல்லுங்க. ரெண்டே வார்த்தை."

டெஸலார் மறுபடி கனைத்தார். அக்காவைப் பார்த்தார். அலெய்டா முன்னால் வந்து நாத்தனாரின் பக்கத்தில் குனிந்தாள்.

"அக்கா, ப்ரோச்சை நீங்களே வெச்சுக்கோங்க. எனக்கு இது எப்பவுமே உறுத்தலாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ரெண்டு வார்த்தையை நீங்கதான் சொல்லணும்."

பெட்ரோனெல்லா முத்தைப் பார்த்தாள். வாளி தூக்கித் தூக்கித் தடித்துப்போன ஃபெம்கேயின் கையைப் பார்த்தாள்.

"ஃபெம்கே எடுக்கலை," என்றாள் ஷெரீப்பின் ஆளிடம். "நான்தான் எடுத்தேன். எழுதிக்கோ."

அவன் எழுதிக்கொண்டான். குடும்பத்துக்குள் முடிந்த விஷயம் என்று அலெய்டாவும் கையெழுத்துப் போட்டாள். வந்த விலங்கு வந்தபடியே திரும்பிப் போயிற்று.

வாசலில் யோரிஸின் பூட்ஸ் ஜோடியாக நின்றது. படகுத்துறைச் சேறு மொத்தமும் போய், முகம் பார்க்கலாம்போல் மினுக்கியது.

"இதை எப்பக் கழுவினே?"

"நீங்க உள்ள முழங்கை விசாரிச்சிட்டிருந்தீங்களே, அப்ப."

"நாலு மணிக்கு சிறைக்குப் போகப்போறவ என் பூட்ஸைக் கழுவினியா?"

"அழுக்கா இருந்துச்சு," என்றாள் ஃபெம்கே.

ஹெண்ட்ரிகா கால்வாய்ப் பாலத்தின்மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். ஊசிகள் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. எப்போதும் திரும்பிப் பார்த்து விரட்டுகிறவள், அன்றைக்குத் திரும்பவேயில்லை.

ஃபெம்கே கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் நீட்டினாள். வெறும் கை. நடுவில் இரும்புமில்லை, கொக்கியுமில்லை. யோரிஸ் அதைப் பிடித்தான். பிடித்தவன் படியிலிருந்து அரையடி எழும்பி இறங்கினான்.

ஃபெம்கே சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"ஜாடிதான் அடிக்காதுன்னு சொன்னாங்களே," என்றாள். "அப்புறம் ஏன் துள்றீங்க?"